பதறாமல் வாழ்வது யாருக்குச் சாத்தியம்?

கேள்வி, 6 மார்ச் 2025

நேற்று சாம்பல் புதன் ஆராதனையில் எங்கள் குருவானவர், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமாகிய இந்த லெந்து நாட்களில் இறைச்சியை விடுவதைவிட அவசரத்தை விட்டுவிடுங்கள் என்று பிரசங்கித்தார். கேட்கும்போது கண்ணீர் வந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கோபம் வந்தது. காலை நாலரைக்கு எழுந்து, மூன்று பேருக்கு டிபன் கட்டி, படுக்கையிலேயே இருக்கும் மாமியாருக்கு முகம் துடைத்துக் காப்பி கொடுத்து, 7.20 மின்சார ரயிலைப் பிடித்தால்தான் என்னால் தாம்பரத்திலிருந்து அலுவலகத்துக்கு நேரத்தில் போய்ச் சேர முடியும். இரவு குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்தால் தூங்கி விழுகிறேன். நிதானமாக வாழ்ந்து விசுவாசத்தை வெளிக்காட்டுவது, வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கும் ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கும் மட்டுமே கூடும் என்பது என் கருத்து. தவறென்றால் சொல்லுங்கள்.

6 மார்ச், இரவு

நான் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் 22 ஆண்டுகளாகச் செவிலியர் வேலை செய்கிறேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஓர் அரைமணி நேரத்தை முன்னதாகவே கர்த்தருக்கென்று எடுத்து வைத்துவிட்டால், மீதி நாள் தானாக ஒழுங்குக்கு வரும் என்பது என் அனுபவம். நாலரைக்குப் பதிலாக நான்கு மணிக்கு எழுந்து பாருங்கள்.

7 மார்ச்

நேற்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இரவுப் பணியின் இடையில் கிடைத்த ஐந்து நிமிடத்தில் அதை எழுதினேன். காலையில் வீட்டுக்கு வந்து படித்தபோது வெட்கமாக இருந்தது. தூங்கி விழுகிறேன் என்று சொல்லும் ஒரு பெண்ணிடம் இன்னும் அரைமணி நேரம் குறைவாகத் தூங்கு என்று சொல்வது ஆலோசனை அல்ல. சுமக்கிறவளின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றி வைப்பதாகும்.

சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்று சொன்ன எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் அல்ல. அவன் தூங்கினான், தூதன் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான், மறுபடியும் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதற்குப் பிறகே நாற்பது நாள் நடை, அதற்கும் பிறகே ஓரேப் மலையில் கர்த்தருடைய அந்த மெல்லிய சத்தம். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை இதே வரிசையில் வாசியுங்கள், சகோதரி. உங்களுக்கு இப்போது தேவைப்படுவது தூக்கமாக இருக்கலாம். தூங்குவது விசுவாசக் குறைவு அல்ல.

9 மார்ச், ஞாயிறு

கேள்வி இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. இன்று ஆராதனை முடிந்து வந்து ஏசாயா 28ஆம் அதிகாரத்தை எடுத்தேன். சீயோனிலே வைக்கப்படும் மூலைக்கல்லைப் பற்றிய 16ஆம் வசனம், “விசுவாசிக்கிறவன் பதறான்” என்று முடிகிறது. இதே வசனத்தைப் பேதுருவும் பவுலும் எடுத்தாளும்போது, “வெட்கப்படுவதில்லை” என்றே நம் வேதாகமத்தில் இருக்கிறது. அவர்கள் கிரேக்க மொழிபெயர்ப்பை ஒட்டிச் சொல்லியிருக்கிறார்கள். ஏசாயாவின் எபிரெயச் சொல்லோ விரைதலைக் குறிப்பது. அதற்கு, அவசரப்படான், ஓடான் என்று எதை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். பதறான் என்று தமிழாக்கியவருக்கு நம் வீட்டுப் பேச்சு தெரிந்திருக்கிறது. பதறாத காரியம் சிதறாது என்று அரிசி களையும்போதுகூடச் சொல்லுகிறவர்கள்தானே நாம்.

வேகமும் பதற்றமும் ஒன்றல்ல என்பதை எங்கள் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நள்ளிரவில் ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டால் நாங்கள் ஓடுவோம். நெஞ்சை நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்த வேண்டும். அங்கே மெதுவாக இருப்பது பாவம். ஆனால் அந்த அறையில் மிக நன்றாக வேலை செய்கிறவரைப் பார்த்திருக்கிறேன்: அவர் குரல் உயராது, கை நடுங்காது, கேட்ட மருந்தைத் திருப்பிச் சொல்லிவிட்டே ஏற்றுவார். அவர் எல்லோரையும்விட வேகமானவர், ஆனாலும் பதறாதவர். ஆகவே உங்கள் குருவானவர் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொள்ளுகிறேன்: நாம் விட வேண்டியது வேகத்தை அல்ல, பதற்றத்தை. 7.20 ரயிலுக்கு விரைகிற நீங்கள் பதறாமலும் விரையலாம்.

11 மார்ச்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மற்றவர்களுக்குச் சொல்லத் துணிந்த நான், என் கதையைச் சொல்லாமல் இருப்பது நியாயமல்ல.

ஒரு நோயாளியின் காய்ச்சல், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு ஆகியவற்றைச் செவிலியர் குறித்த நேரங்களில் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் மூன்றுக்கும் கருவி உண்டு. மூச்சை மட்டும் பொதுவார்டில் கண்ணால்தான் எண்ண வேண்டும். மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொன்னால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். ஆகவே நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணும்படி மாணவிகளுக்குக் கற்றுக்கொடுப்போம். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. அந்த ஒரு நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை. வார்டின் பதிவேட்டைப் புரட்டினால் வரிசையாக 20, 20, 20 என்றே இருக்கும். மனிதர்கள் அப்படி ஒரே அளவாக மூச்சுவிடுவதில்லை. எண்ணாதவர்களே அப்படி எழுதுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் இரவுப் பணியில் நானும் அப்படி எழுதினேன். பெரியவர் ஒருவர் வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் படுத்திருந்தார். காய்ச்சல் இல்லை, அழுத்தம் சரியாக இருந்தது, நான் 20 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். காலைப் பணிக்கு வந்த பெண் நின்று எண்ணினாள்; 34. நுரையீரலில் சளி கட்டி நிமோனியா தொடங்கியிருந்தது. தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். அந்த இரவில் நான் எண்ணியிருந்தால் எத்தனை மணி நேரம் முன்னதாகத் தெரிந்திருக்கும் என்ற கணக்கை நான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று மாலைதான் எங்கள் சபைச் சேகரத்தின் பெண்கள் கூட்டத்தில், வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு நின்று உதவிய நல்ல சமாரியனைப் பற்றிச் சாட்சி சொல்லிவிட்டு, அந்த நிறைவோடு பணிக்கு வந்திருந்தேன்.

அதன் பிறகு நான் எண்ணுகிறேன். வேறு பெரிய ஆவிக்குரிய பயிற்சி எதுவும் என்னிடம் இல்லை. ஒரு நிமிடம் ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குள் ஏறி இறங்கும் மூச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மண்ணினாலே உருவாக்கிய மனுஷனுடைய நாசியில் ஜீவசுவாசத்தை ஊதினவர் இவருக்குள்ளும் ஊதியிருக்கிறார் என்ற நினைவு சில நாட்களில் வரும். பல நாட்களில் வராது. வராத நாட்களிலும் எண்ணிக்கை சரியாகவே இருக்கும்.

12 மார்ச்

நேற்றைய குறிப்பைப் படித்த பலரும் துக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே ஒரு சிரிப்பையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஆலங்குளம் பக்கத்துத் தாத்தா ஒருவர், நான் கையைப் பிடித்து நின்றதைப் பார்த்து, “மத்தவுக எல்லாரும் தொட்டதும் விட்டுருதாவ, நீங்க மட்டும் இவ்வளவு நேரம் பிடிச்சிருக்கிய. என்ன சிஸ்டர், உள்ள சரக்கு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எண்ணுதியளா?” என்று கேட்டார். வார்டு முழுவதும் சிரித்தது. அவர் சிரித்ததால் எண்ணிக்கை போயிற்று, முதலிலிருந்து எண்ணினேன்.

16 மார்ச், ஞாயிறு

மதுரைச் சகோதரர் ஒருவர், வேகம் வேறு பதற்றம் வேறு என்று நான் 9ஆம் தேதி எழுதியது மிகவும் வசதியான பிரிவினை என்று கண்டித்திருக்கிறார். வேகமாகப் போகிறவன் பதறவில்லை என்று தானே சொல்லிக்கொள்வான், வழியில் விழுந்து கிடப்பவனைக் கேட்டால்தானே உண்மை தெரியும் என்கிறார். இரண்டு முறை வாசித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

1973இல் வெளிவந்த ஓர் ஆய்வை அவர் நினைவூட்டியிருக்கிறார். நானும் அதைப் பணியிடைப் பயிற்சி ஒன்றில் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் நாற்பது பேரை, டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒவ்வொருவராக அழைத்து, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்தும்படி கேட்டுக்கொண்டார்கள். சிலருக்குத் தலைப்பே நல்ல சமாரியன் உவமை. சிலரிடம் இன்னும் நேரம் இருக்கிறது என்றும், சிலரிடம் இப்போதே கிளம்பினால் சரி என்றும், சிலரிடம் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்றும் சொல்லி அனுப்பினார்கள். போகிற சந்தில் ஒருவன் வாசற்படியில் தலை கவிழ்ந்து, இருமி முனகிக்கொண்டிருந்தான். அவனை வைத்ததும் ஆய்வாளர்களே. நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒருவகையில் உதவினார்கள். நடுத்தர அவசரத்தில் இருந்தவர்களில் 45 சதவீதம். தாமதமாகிவிட்டது என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்ற நினைவு குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை.

சேகரக் கூட்டத்தில் சாட்சி சொல்லிவிட்டு வந்து 20 என்று எழுதிய என் கையைத்தான் இந்த எண்களில் பார்க்கிறேன். அந்தப் பத்து சதவீதத்துக்கு வெளியே நின்றவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களில் பலர் போய்ச் சேர்ந்தபோது கலங்கியே இருந்தார்களாம். அவர்களுக்காக அங்கே ஒருவர் காத்திருக்கிறார், அவரைக் கைவிடக் கூடாது என்ற கடமையும் அவர்களை இழுத்திருக்கிறது. வேகம் நம்மைக் கல்நெஞ்சராக்குவதில்லை. நம் பார்வையைக் குறுக்கிவிடுகிறது. ஆகவே வேகத்தை விட வேண்டியதில்லை என்று நான் எழுதியதை இப்படித் திருத்துகிறேன்: சில வேகங்களுக்குள் இருந்துகொண்டு பதறாமல் இருக்க மனிதரால் கூடாது. இதயம் நின்றவரின் அறையில் கூடும், ஏனென்றால் அங்கே பார்க்க வேண்டியவர் ஒருவரே. முப்பது கட்டில் இருக்கும் வார்டில் கூடுவதில்லை.

19 மார்ச்

சவுதியில் பணிபுரியும் ஒரு செவிலியத் தங்கை கேட்கிறாள்: “அக்கா, நீங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் நின்றால், உங்கள் பங்கு வேலையை யார் செய்கிறார்கள்?”

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிடலாம் என்றே முதலில் நினைத்தேன். இரவில் எனக்குப் பதினைந்து நோயாளிகள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால், ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம் கூடுகிறது. அந்தக் கால் மணி நேரத்தில் அழைப்பு மணி அடித்தால் ஓடுகிறவள் என்னுடன் பணியில் இருக்கும் இளைய செவிலி. என் நிதானத்துக்கு அவளுடைய கால்கள் விலை கொடுத்திருக்கின்றன. ஏறக்குறைய ஓராண்டு நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் கேட்டேன்.

மாற்கு 5ஆம் அதிகாரத்தை அதன் பிறகு வேறு விதமாக வாசிக்கிறேன். ஜெப ஆலயத் தலைவனாகிய யவீருவின் பன்னிரண்டு வயது மகள் மரண அவஸ்தையில் இருக்கிறாள். இயேசு அங்கே போய்க்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடு என்னும் இரத்தப்போக்கு உள்ள ஒரு பெண் கூட்டத்துக்குள் வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நின்று, தொட்டது யார் என்று கேட்டு, அவள் முன்னே வந்து உண்மை முழுவதையும் சொல்லும்வரை அங்கேயே நிற்கிறார். அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று இதை வாசித்தால் எவ்வளவு ஆறுதல்! யவீருவின் பக்கத்தில் நின்று வாசித்துப் பாருங்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, மகள் மரித்துப்போனாள் என்ற செய்தி வந்துவிடுகிறது. ஒருவருக்காக நின்றதால் இன்னொருவர் காத்திருக்க நேர்ந்தது; சுவிசேஷகர் அதை மறைக்கவில்லை. இயேசு அந்தக் காத்திருப்பின் பாரத்தை யவீருவிடம் விட்டுவிட்டுப் போகவில்லை. பயப்படாதே என்று அவனிடம் சொல்லி, அவன் வீடுவரை கூடவே போனார், பிள்ளையை எழுப்பினார், அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றும் சொன்னார்.

அவரால் இரண்டு பேரையும் தாங்க முடிந்தது, என்னால் முடியாது. ஆகவே இப்போது நானும் அந்த இளைய செவிலியும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறோம்: நான் எண்ணும்போது அவள் மணிக்குப் போவாள், அவள் எண்ணும்போது நான் போவேன். நாடி சீராக இருப்பவர்களுக்கு அரை நிமிடம் எண்ணி இரட்டித்துக்கொள்கிறோம். மூச்சை மட்டும் முழு நிமிடம். என் கால்களும் இப்போது வலிக்கின்றன. நியாயம்தான்.

23 மார்ச், ஞாயிறு

மறுபடியும் முதல் கேள்விக்கு வருகிறேன். நிதானம் வசதி உள்ளவர்களுக்கு மட்டுமா?

என் அம்மா பீடி சுற்றிய கூலியில் என்னைப் படிக்க வைத்தவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நனைத்துத் துடைத்த இலையை அளவுத் தகடு வைத்துக் கத்தரித்து, தூளை விரித்து, உருட்டி, வாயை மடக்கி, நூல் கட்டி மடியிலிருக்கும் தட்டில் போட வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் காசு என்பதை அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட அம்மா, சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, தூள் ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடுவார். இரண்டு நிமிடம் இருக்கும். அந்த நேரத்தில் நாங்கள் சண்டை போட்டாலும் கண்ணைத் திறக்கமாட்டார். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி, கோயிலுக்கென்று வைத்த கைப்பிடி அரிசிக் கலயத்தில் போட்ட பிறகே களைவார். மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் அந்தக் கை கலயத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. நேரத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் ஒரு பிடி எடுத்து வைப்பது அவருக்கு ஒரே பழக்கமாகவே இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

கத்தோலிக்க ஊர்களில் காலையும் நண்பகலும் மாலையும் மணி அடிக்கும்; மூவேளைச் செபம் என்பார்கள். வயலில் நடவு நடுகிறவர்கள் நிமிர்ந்து நின்று செபித்துவிட்டு மறுபடியும் குனிவதை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அவர்களில் யாருக்கும் வேலைக்கு ஆள் இல்லை. அவர்களே வேலைக்கு வந்த ஆட்கள்.

24 மார்ச்

அம்மாவிடம் நேற்றைய குறிப்பைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அம்மாவின் திருத்தம்: “எல்லா நாளும் தட்ட இறக்கி வச்சேன்னு எழுதாத. கடைக்குச் சரக்குப் போடுற நாளுக்கு முந்தின சாயங்காலம் இறக்க முடியுமா? அன்னைக்குச் சுத்திக்கிட்டேதான் ஜெபம். விரல் ஓடும், வாய் சொல்லும்.”

ஆகவே நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். என் நினைவில் இறக்கி வைத்த தட்டு மட்டுமே பதிந்திருக்கிறது. இறக்கி வைக்காத தட்டும் இருந்திருக்கிறது. அந்த நாட்களில் அம்மா பதறியதாக எனக்கு நினைவே இல்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

30 மார்ச், ஞாயிறு

நகரத்தை விட்டு ஆசிரமத்துக்குப் போனால் ஒழிய இது நடக்காது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆசிரமங்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் யேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் இருவருமே மருத்துவர்கள். ஒருவர் தமிழர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைக்கப்பட்டார்கள். கதர் உடுத்து, எளிய உணவு உண்டு, ஜெபத்தையும் நோயாளிகளைப் பார்ப்பதையும் ஒரே வளாகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். வேலையிலிருந்து ஓடிப்போக அவர்கள் அங்கே போகவில்லை. வெளிநோயாளிகள் வரிசை அங்கேயும் இருந்தது. அவர்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை என்பதையும், நமக்கு மாமியாரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதையும் மறக்காமல் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

5 ஏப்ரல்

கை கழுவுவதைப் பற்றி. சோப்புப் போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 வினாடி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொன்னால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும் என்று கண்டுபிடித்து, லெந்து தொடங்கியதிலிருந்து அப்படியே செய்துவருகிறேன். முதல் வாரம் சந்தோஷமாக இருந்தது. இப்போது சந்தேகம் வந்துவிட்டது. ஒரு பணிக்கு முப்பது நாற்பது முறை கழுவுகிறோம். நேற்று, அன்றன்றுள்ள அப்பத்தை என்ற இடத்தில் என் மனம் அடுத்த கட்டிலின் சலைன் பாட்டிலில் இருந்ததைக் கண்டேன். ஜெபத்தைக் கடிகாரமாக்கிவிட்டேனோ? இனி ஒரு பணிக்கு ஒரு முறை, முதல் கழுவலில் மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மற்ற நேரங்களில் கையை மட்டும் கவனமாகக் கழுவுவேன்.

வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வார்டில் முன்பின் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம் நிற்கும் நான், என் மகன் பள்ளியிலிருந்து வந்து பேசும்போது வெங்காயத்தையும் கைபேசியையும் பார்த்துக்கொண்டு “ம்” போடுகிறேன். புதன்கிழமை அவன் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டான். நான் நிமிரவில்லை. சற்றுப் பொறுத்து, “அம்மா, நான் நிறுத்தி ரொம்ப நேரமாச்சு” என்றான். கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னான். கத்தியைக் கீழே வைத்தேன். அவன் மறுபடியும் தொடங்க மறுத்துவிட்டான். மறுநாளும் மறுத்தான். இன்று சாயங்காலம், கைபேசியைப் படுக்கையறையில் விட்டுவிட்டு அவனோடு மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தானாகவே சொன்னான். வகுப்பில் நடந்த ஒரு சிறு காரியம். அதற்கு மூன்று நாள் காத்திருந்தது சரிதான் என்று தோன்றுகிறது.

10 ஏப்ரல்

இயேசு வீட்டுக்கு வந்தபோது பணிவிடையில் கலங்கி, தன் சகோதரி மரியாள் உதவாமல் அவர் காலடியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவரிடம் முறையிட்ட மார்த்தாளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று பலர் கேட்டுவிட்டீர்கள். பயந்துதான் எழுதவில்லை. சமையலறையில் நிற்கும் பெண்களை அடிக்க லூக்கா 10ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளும் பிரசங்கங்களை நிறையக் கேட்டுவிட்டேன். அப்படிப் பிரசங்கித்தவர்களுக்கு மதியச் சாப்பாடு எந்த மார்த்தாள் சமைத்தாள் என்றும் யோசித்திருக்கிறேன்.

ஆனால் யோவான் சுவிசேஷத்தையும் சேர்த்து வாசியுங்கள். சகோதரன் லாசரு மரித்தபோது ஊருக்கு வெளியே இயேசுவுக்கு எதிர்கொண்டு போய், நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று அறிக்கையிட்டவள் மார்த்தாள்தான். 12ஆம் அதிகாரத்தில் பெத்தானியாவில் மறுபடியும் விருந்து. அங்கேயும் மார்த்தாள் பணிவிடை செய்தாள் என்று ஒரே வரியாக எழுதியிருக்கிறது. இந்த முறை முறையீடும் இல்லை, கண்டிப்பும் இல்லை. வேலை அதே வேலைதான். முதல் விருந்தில் அவர் கண்டித்தது அவள் கவலைப்பட்டுக் கலங்கியதையே. அவள் அகப்பையைப் பிடித்ததை அல்ல. பதறான் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கவுரை எனக்குத் தெரியவில்லை.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

இன்று பகல் பணி. சர்க்கரை நோயால் பாதத்தில் புண் வந்த ஓர் அம்மாவுக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. நேற்றைய கட்டு காய்ந்து, காஸ் துணி புண்ணோடு ஒட்டிப் பிடித்திருந்தது. இழுத்தால் ஒரு நொடியில் வந்துவிடும். ஆனால் புண்ணுக்குள் சிவப்பாக, மணல்மணலாகப் புதுச் சதை வளர்ந்துகொண்டிருக்கும். காய்ந்த துணியை இழுத்தால் அதுவும் பிய்ந்து இரத்தம் கசியும், வாரக்கணக்கில் வளர்ந்தது போய்விடும். ஆகவே சலைனைத் துணியின்மேல் சொட்டுச்சொட்டாக விட்டு, ஊறும்வரை காத்திருக்க வேண்டும். ஓரத்தை இடுக்கியால் மெல்லத் தூக்கிப் பார்ப்போம். எதிர்த்தால் விட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். ஊறிய துணி தானாகவே கழன்று வரும்.

அந்த ஐந்தாறு நிமிடம் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. முக்காலியில் உட்கார்ந்து அவருடைய குதிகாலை என் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தேன். வெடித்த, வயலில் நடந்த பாதம். அந்த அம்மா இந்துப் பெண்மணி. இன்று எங்களுக்கு என்ன நாள் என்று அவருக்குத் தெரியாது. “சீக்கிரம் பிச்சிருங்கம்மா, தாங்கிக்கிடுவேன், உங்களுக்கு வேலை கெடக்கும்” என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். வேண்டாம்மா, ஊறட்டும் என்றேன். சாயங்காலம் ஆலயத்தில், இயேசு தம்முடைய சீஷரின் கால்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, குருவானவர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினார். ஆளுக்கு ஒரு கரண்டித் தண்ணீர், ஒரு துடைப்பு. குறை சொல்லவில்லை, அடையாளச் சடங்கு அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் பேதுருவின் பாதம் அன்று எவ்வளவு நேரம் அந்தக் கைகளில் இருந்திருக்கும் என்பதை இன்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

மும்மணி நேர ஆராதனைக்குப் போக முடியவில்லை, பணி. வருடத்தில் நம் சபை முழுவதும் எழுந்துபோகாமல், கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரம் அது ஒன்றுதான். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் கேட்காத பெரிய வெள்ளி எனக்கு இதுவே முதல்முறை. துக்கமாகவே இருக்கிறது, அதற்கு ஈடாக வார்டில் ஏதோ கிடைத்தது என்று எழுத மனம் வரவில்லை. மூன்று மணிக்கு யாரோ ஒருவருக்குச் சிறுநீர்ப் பையை மாற்றிக்கொண்டிருந்தேன்.

22 ஏப்ரல்

உயிர்த்தெழுதலின் வாழ்த்துகள்.

இந்த இழையைத் தொடங்கிய தாம்பரத்துச் சகோதரி நேற்று எழுதியிருக்கிறார். அவர் காலை இன்னும் நாலரைக்கே தொடங்குகிறது. வியாழக்கிழமைகளில் மட்டும் கணவர் டிபன் கட்டுகிறாராம். அதைக் கேட்டு வாங்கவே இந்த லெந்து முழுவதும் தேவைப்பட்டதாம். சென்ற வாரம் அப்படிப்பட்ட ஒரு காலையில், மாமியாருக்கு முகம் துடைக்கும்போது வழக்கம்போல் “ராத்திரி தூங்கினீங்களா அத்தை” என்று கேட்டிருக்கிறார். எப்போதும் பதிலுக்குக் காத்திராமல் காப்பி எடுக்கப் போய்விடுவாராம். அன்று துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். மாமியார் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பேசத் தொடங்கியவர் பேசிக்கொண்டே இருந்தாராம்.

7.20 வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியில் போய், தாமதப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மாமியார் என்ன சொன்னார் என்று அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.